வல்லரசுகளின் போட்டியும் கறுப்பர் மேடையும்



நினைவுப் பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம். அவர் அதை விரும்பியிருக்க மாட்டார். எனவே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். பலசாலிகள் இருவர் தங்களுக்குள் மோதிக்கொள்ளும்போது, அவர்கள் இருவராலும் மிதிக்கப்படுகிறவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா? ஆதிக்க சாதியைச் சேர்ந்த இரண்டு பேர் எதிரெதிராக நிற்கும் ஊராட்சித் தேர்தலில் மட்டும் சேரிக்குள் கார் வருவதை நாம் பார்த்திருக்கிறோம். தேர்தல் முடிந்ததும் கார் வருவதில்லை என்பதையும் பார்த்திருக்கிறோம். இதே கேள்வி இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் முன்னால் உலக அளவில் வந்து நின்றது. அவர்களுக்கு அது பெரும்பாலும் மேடை வழியாக, ஜாஸ் இசை வழியாக வந்தது. அதனால் மேடையிலிருந்தே தொடங்குவோம்.

நம் ஊர்த் திருவிழாவில் இரண்டு செட்டு மேளக்காரர்கள் எதிரெதிரே நின்று வாசித்து, யார் கை ஓய்கிறது என்று பார்ப்பது போன்ற வழக்கம் நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலும் இருந்தது. அன்றிரவு நடக்கவிருக்கும் நடனத்துக்கு விளம்பரம் செய்ய இசைக்குழுக்கள் குதிரை வண்டியில் ஏறி வாசித்துக்கொண்டே தெருத்தெருவாகப் போகும். முச்சந்தியில் இரண்டு வண்டிகள் சந்தித்துவிட்டால் கூட்டம் விடாது. எந்தக் குழுவும் ஓடிவிடாதபடி வண்டிச் சக்கரங்களைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். தோற்ற குழுவுக்கு மறுநாள் பிழைப்பு கடினம்.

அப்போது அந்த நகரத்தில் பெயர் பெற்ற கார்னெட் கலைஞர் ஜோ ஆலிவர். ஒரு சிறிய குழுவில் வாசித்துக்கொண்டிருந்த ஏழைச் சிறுவன் லூயி ஆம்ஸ்ட்ராங். ஆலிவர் சிறுவனிடம் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். தன் வண்டி எதிரே வந்தால், அவன் தன் வண்டியில் எழுந்து நிற்க வேண்டும். எதிரே இருப்பது லூயி என்று தெரிந்ததும் அவர் அடித்து நொறுக்கும் வாசிப்பை விட்டு மட்டாக வாசிப்பார். கூட்டத்துக்கு இது தெரியாது. 1922இல் சிகாகோவிலிருந்து ஆலிவர் தந்தி கொடுத்து ஆம்ஸ்ட்ராங்கை அழைத்துக்கொண்டார். அங்கே இரண்டு கார்னெட்டுகளும் இடையிசையைச் சேர்ந்து, பிசிறில்லாமல் வாசித்தபோது, முன்கூட்டி எழுதிவைக்காமல் இது எப்படி முடிகிறது என்று கேட்டவர்கள் திகைத்தார்கள். அடுத்து என்ன வரப்போகிறது என்பதை ஆலிவர் சில சுரங்கள் முன்பே கோடி காட்டிவிடுவார். அதைப் பிடித்துக்கொள்ளும் காது சீடனுக்கு இருந்தது. போட்டியும் கூட்டும் ஒரே மூச்சில் நடந்த மேடை அது. மேடையில் ஒருவரை ஒருவர் வெல்ல முயன்றவர்கள் அதே தெருவில் பிழைக்க வேண்டியவர்கள் என்பதை இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் போட்டிக்குள் பணமும் நிறமும் நுழைந்தபின் கணக்கு மாறியது. 1937 மே 11 இரவு. ஹார்லெமில் சவாய் நடனக்கூடம். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடக்கூடிய, அந்தக் காலத்தில் அபூர்வமான இடம். ஒரு மேடையில் சிக் வெப், முதுகெலும்பைத் தாக்கிய காசநோயால் கூனிப்போன, குள்ளமான கறுப்பின டிரம்ஸ் கலைஞர். மறு மேடையில் ‘ஸ்விங் மன்னர்’ என்று பத்திரிகைகள் பட்டம் கட்டியிருந்த பென்னி குட்மேன். உள்ளே ஏறத்தாழ 4,000 பேர், வெளியே இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கானோர். அன்று வென்றது வெப். குட்மேனின் டிரம்ஸ் கலைஞர் ஜீன் க்ரூப்பா எழுந்து அவருக்குத் தலைவணங்கினார். ஆனால் மன்னர் பட்டம் குட்மேனிடமே இருந்தது. பெரிய சம்பளமும் அவரிடமே இருந்தது. குட்மேனுக்குப் புகழ் தேடித் தந்த இசைக்கோப்புகள் பலவற்றை எழுதியவர் கறுப்பரான ஃப்ளெட்சர் ஹென்டர்சன். குட்மேன் கெட்டவர் அல்லர். குடிபெயர்ந்து வந்த யூத ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. 1936லேயே கறுப்பரான டெடி வில்சனைத் தன் மேடையில் பகிரங்கமாகச் சேர்த்துக்கொண்டவர். இருந்தும், மேடையில் யார் வென்றாலும் கல்லாப்பெட்டி எந்தப் பக்கம் திறக்கும் என்பதை முடிவு செய்தது இசை அல்ல. சிக் வெப் 1939இல் இறந்துபோனார். குட்மேனிடம் பிறகு திரும்பி வருவோம்.

இப்போது நாடுகளுக்கு வருவோம். ஐக்கிய நாடுகள் அவை உருவான கையோடு, 1946 ஜூனில், தேசிய நீக்ரோ காங்கிரஸ் என்ற அமைப்பு கறுப்பின மக்களின் நிலை பற்றி அங்கே மனு கொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்த ஒருவர் இந்தியாவிலிருந்து டபிள்யூ. இ. பி. டு போய்சுக்குக் கடிதம் எழுதி, மனுவின் படிகள் கிடைக்குமா என்று கேட்டார். அமெரிக்க நீக்ரோக்களின் நிலையும் தீண்டப்படாதோரின் நிலையும் ஒத்திருப்பதால் இந்த வழியைத் தாமும் யோசிப்பதாக அதில் எழுதினார். அவர்தான் பாபாசாகேப் அம்பேத்கர். டு போய்ஸ் ஜூலை 31 அன்று பதில் எழுதினார்; தீண்டப்படாத மக்கள்பால் தமக்கு முழு அனுதாபம் உண்டு என்றார். அடுத்த ஆண்டு அக்டோபரில் கறுப்பர் முன்னேற்றச் சங்கத்தின் சார்பில் டு போய்ஸ் தயாரித்த இன்னொரு விண்ணப்பம் ஐ.நா.வுக்குப் போனது. சோவியத் தரப்பு அதை எடுத்து விசாரிக்கச் சொன்னது. ஐ.நா. மறுத்தது. அமெரிக்கப் பிரதிநிதியும் அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தவருமான எலினோர் ரூஸ்வெல்ட்டே அதை எதிர்த்தார். 1948இல் சங்கம் டு போய்சை வேலையிலிருந்து நீக்கியது.

மனு தோற்றது, ஆனால் வாஷிங்டனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளைத் தன் பக்கம் இழுக்க வேண்டிய நேரத்தில், ஒவ்வொரு கும்பல் கொலையும் மாஸ்கோ வானொலிக்குச் செய்தியாகிக்கொண்டிருந்தது. 1952 டிசம்பரில், பள்ளிகளில் நிறப் பிரிவினை பற்றிய வழக்கில் அமெரிக்க நீதித்துறை உச்ச நீதிமன்றத்திடம் கொடுத்த வாதத்திலேயே, பிரிவினை அயலுறவைக் கெடுக்கிறது என்று எழுதியது. 1954இல் பிரிவினைக்கு எதிராகத் தீர்ப்பு வந்ததும் ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ ஒரு மணி நேரத்துக்குள் அதைப் பல மொழிகளில் உலகுக்கு ஒலிபரப்பியது. தீர்ப்பு வாதாடிப் பெற்றது. வழக்குப் போட்ட பெற்றோர்கள் வேலையிழந்து, மிரட்டப்பட்டுப் பெற்றது. போட்டி அதற்கு ஒரு சாளரத்தைத் திறந்துவிட்டது, அவ்வளவே. இதைப் பனிப்போர் தந்த பரிசு என்று எழுதுகிறவர்களை நாம் நம்பத் தேவையில்லை.

பிறகுதான் ஜாஸ் தூதர்கள் வருகிறார்கள். ஹார்லெமின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பாவல், பாலே ஆட்டத்தில் ரஷ்யாவுடன் போட்டி போடுவதை விட்டுவிட்டு ஜாஸை அனுப்புங்கள் என்று வற்புறுத்தினார். 1956 வசந்தத்தில் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி கறுப்பரும் வெள்ளையரும் கலந்த பெரிய குழுவுடன் ஈரான், டாக்கா, கராச்சி, பெய்ரூட், துருக்கி, ஏதென்ஸ் என்று புறப்பட்டார். நிறப் பிரச்சினை பற்றிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்த அரசு அதிகாரிகள் அழைத்தபோது, முந்நூறு ஆண்டுப் பாடம் தமக்கு ஏற்கெனவே இருக்கிறது என்று மறுத்துவிட்டார். அங்காராவில் பெரிய மனிதர்களுக்கான விருந்து. வேலிக்கு வெளியே தெருப் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை உள்ளே விடும்வரை வாசிக்க மாட்டேன் என்றார். விட்டார்கள். பிரச்சாரத்துக்காகக் கட்டிய மேடையில் கலைஞர் தன் மக்களுக்கு இடம் பிடித்துக்கொள்ள முடியும் என்பதற்கு இது ஒரு சான்று.

அதே 1956இல் பால் ராப்சனால் நாட்டை விட்டு வெளியே போக முடியவில்லை. 1950இல் அவருடைய பாஸ்போர்ட்டை அரசு பறித்துவிட்டது. கனடாவுக்குக்கூடப் போக முடியாத நிலையில், 1952 மே மாதம் அவர் எல்லைக்கோட்டின் அமெரிக்கப் பக்கத்தில் ஒரு லாரியின் மேல் நின்று பாடினார். கனடாத் தொழிலாளர்கள் மறுபக்கம் நின்று கேட்டார்கள். 1957இல் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாகப் பாடினார். 1958 ஏப்ரலில் அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு இந்தியாவில் விழா எடுத்தார்கள், நேரு வாழ்த்துச் சொன்னார். அந்த ஆண்டுதான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றால் பாஸ்போர்ட் திரும்பியது. கில்லெஸ்பிக்குக் கிடைத்த விமானச் சீட்டையும் ராப்சன் இழந்த பாஸ்போர்ட்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். வல்லரசுப் போட்டி ஒரு கறுப்பரை மேடையேற்றியபோது இன்னொருவரை அடைத்துவைத்தது. அமெரிக்கா தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று சொல்பவருக்கு இடம் இருந்தது. வறுமையையும் காலனியத்தையும் சேர்த்துப் பேசியவருக்கு இடம் இல்லை.

ஆம்ஸ்ட்ராங்கை இளைய கலைஞர்கள் வெள்ளையருக்குப் பல்லிளிப்பவர் என்று கேலி செய்த காலம் உண்டு, கில்லெஸ்பி உட்பட. 1957 செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைய முடியாமல் ஆளுநர் படையை நிறுத்தினார். அப்போது வடக்கு டகோட்டாவில் ஒரு சிறு நகரத்தில் கச்சேரிக்கு வந்திருந்த ஆம்ஸ்ட்ராங், தன் விடுதி அறைக்கு வந்த ஓர் இளம் நிருபரிடம் மனம் திறந்தார். குடியரசுத் தலைவருக்குத் துணிவில்லை, தெற்கே தன் மக்களை இப்படி நடத்தும் அரசுக்காக ரஷ்யா போக மாட்டேன் என்றார். செய்தி நிறுவனம் நம்ப மறுத்தது. நிருபர் எழுதியதை மறுநாள் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். ஆம்ஸ்ட்ராங் படித்துப் பார்த்து, சரிதான் என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். அவருடைய மேலாளர் சமாளிக்கப் பார்த்தபோது அதையும் மறுத்தார். அதே நாட்களில் வெளியுறவு அமைச்சர் டல்லஸ், லிட்டில் ராக் தங்கள் வெளியுறவுக் கொள்கையைச் சீரழிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். செப்டம்பர் 24 அன்று ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்பினார். ஆம்ஸ்ட்ராங் சொன்னதால்தான் அனுப்பினார் என்று நாம் சொல்லவில்லை. போட்டிக்கு அவசியமான ஆள் நான்தான் என்று தெரிந்துகொண்டு, தன்னைத் தர மறுத்தார் என்பதைச் சொல்கிறோம். பேரம் பேச இதைவிட நல்ல நேரம் இல்லை. எல்லா நேரமும் அவர் அப்படி இருந்துவிடவில்லை. 1960 அக்டோபரில் அவர் காங்கோவில் அரசுத் தூதராக வாசித்தபோது, அதே நகரத்தில் பிரதமர் லுமும்பா வீட்டுக்குள் அடைபட்டிருந்தார். மூன்று மாதத்தில் லுமும்பா கொல்லப்பட்டார்.

சோவியத் யூனியனுக்கு அரசு முதன்முதலாக ஜாஸ் குழுவை அனுப்பியது 1962இல். போனவர் பென்னி குட்மேன். மாஸ்கோ மேடையில் குருஷ்சேவ் அவரைக் கேட்டார். குழுவில் டெடி வில்சனும் இருந்தார். டியூக் எலிங்டனுக்கு ரஷ்யப் பயணம் 1971இல்தான் வாய்த்தது.

இன்னொரு மேடையையும் சொல்ல வேண்டும், அது சாலையோர ஓட்டல். நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் போகும் 40ஆம் எண் நெடுஞ்சாலையில் ஆப்பிரிக்கத் தூதர்களுக்கு மேரிலாந்து ஓட்டல்களில் காபி மறுக்கப்பட்டது. 1961இல் சாட் நாட்டுத் தூதருக்கு இது நேர்ந்தபோது கென்னடி அரசு பதறியது. தூதர்களுக்கு மட்டும் பரிமாறும்படி கெஞ்சியது. பால்டிமோர் நகரக் கறுப்பர் பத்திரிகையின் நிருபர்கள் மூவர் ஆப்பிரிக்க உடை அணிந்து, இல்லாத ஒரு நாட்டின் நிதியமைச்சரும் பரிவாரமும் என்று சொல்லிக்கொண்டு அந்த ஓட்டல்களுக்குப் போனார்கள். உபசாரம் கிடைத்தது. உள்ளூர்க் கறுப்பராகப் போனால் கிடைக்காத உணவு, பொய் நாட்டின் அமைச்சருக்குக் கிடைத்தது! நாடுகளின் போட்டி யாருக்காகக் கதவைத் திறக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வாளரும் நிரூபிக்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் சமத்துவ இயக்கத்தினர் அதே சாலையில் விடுதலைப் பயணம் போனார்கள், வேடமில்லாமல்.

தூதர்கள் நம் ஊருக்கும் வந்தார்கள். 1958இல் டேவ் புரூபெக் குழு சென்னை வந்தது. மிருதங்கக் கலைஞர் பழனி சுப்பிரமணிய பிள்ளையுடன் அவர்கள் சேர்ந்து வாசித்தார்கள். தாளத்தால் இரு உலகங்கள் பேசிக்கொண்டதாக இன்றும் புகழ்கிறோம். புரூபெக்கின் குழுவில் யூஜின் ரைட் என்ற கறுப்பர் இருந்தார். ஊர் திரும்பியபின் அவரை விட்டுவிட்டு வந்தால்தான் மேடை என்று சொன்ன தென் மாநிலக் கல்லூரிகளின் கச்சேரிகளைப் புரூபெக் இழந்தார். அது நியாயம். ஆனால் அந்தச் சென்னை மேடையில் மிருதங்கத்தின் தோலைப் பதப்படுத்தி, வார் இழுத்துக் கட்டித் தருகிற மக்கள் எங்கே இருந்தார்கள்? அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா எழுதிய நூல் வெளிவந்தது 2020இல். அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டதும் அப்போதுதான்.

அம்பேத்கரின் கடிதத்துக்குப் பின் என்ன ஆயிற்று? 1951 அக்டோபரில் அமைச்சர் பதவியிலிருந்து விலகியபோது வெளியிட்ட அறிக்கையில் அவரே சொல்கிறார். பட்டியல் சாதியினரின் நிலை பற்றி ஐ.நா.வுக்கு அளிக்க ஓர் அறிக்கை தயாரித்தார், ஆனால் அளிக்கவில்லை. அரசியல் நிர்ணய சபைக்கும் வரப்போகும் நாடாளுமன்றத்துக்கும் வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தார். அதைச் சொல்லும் அதே அறிக்கையில் தீண்டப்படாதோர் நிலை மாறவில்லை என்கிறார். இந்தியா அப்போது தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை ஐ.நா.வில் குற்றம் சாட்டி உலகின் மதிப்பைப் பெற்றுக்கொண்டிருந்தது. இரண்டு வல்லரசுகளுமே இந்தியாவைத் தம் பக்கம் இழுக்க விரும்பின. சேரியைக் காட்டி டெல்லியைச் சங்கடப்படுத்த இருவருக்கும் தேவை இருக்கவில்லை. அமெரிக்கக் கறுப்பருக்குக் கிடைத்த சாளரம் நமக்கு இல்லாமல் போனதன் ஒரு காரணம் இது என்பது எங்கள் கணிப்பு.

பனிப்போர் முடிந்து பத்தாண்டுகள் கழித்து, 2001இல், டர்பனில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு நடந்தது. தலித் இயக்கத்தினர் திரளாகப் போனார்கள். சாதி என்பது இனம் அல்ல, அது உள்நாட்டு விவகாரம் என்று இந்திய அரசு வாதாடியது. இஸ்ரேல் பற்றிய வாசகங்களைக் காரணம் காட்டி அமெரிக்கா இடையிலேயே வெளியேறியது. அரசுகளின் அறிக்கையில் சாதி என்ற சொல் இடம்பெறவில்லை. தொண்டு அமைப்புகளின் அறிக்கையில் இடம்பெற்றது. அதை அங்கே சேர்த்தது எந்த நாட்டின் போட்டியும் அல்ல, ஜப்பானின் புராக்கு மக்களும் மற்ற நாட்டு ஒடுக்கப்பட்டோரும் நம்முடன் சேர்ந்து நின்றது. மறு ஆண்டு, 2002இல், இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில், பிறப்பு வழிப் பாகுபாடு என்பது சாதியையும் உள்ளடக்கும் என்று எழுதியது. இந்திய அரசு அதை இன்றுவரை ஏற்கவில்லை.