கல மூப்பும் புற்றுநோய்க் கணிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வாறு எழுதும்பொழுது, தவறான கருத்தொன்று ஏன் நெடுங்காலம் நிலைக்கிறது என்னும் வினா மறைந்துவிடுகிறது. கல மூப்புப் பற்றிய ஆய்வின் வரலாறு இவ்வினாவை எழுப்புவதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1912 இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் நிறுவகத்தில் அலெக்சிஸ் கரல் கோழிக் கருவின் இதய இழையத்தை வளர்க்கத் தொடங்கினார். அவ்வளர்ப்பு 1946 வரை பேணப்பட்டது. உடலினின்று பிரிந்த கலம் இறவாதது என்பது அதிலிருந்து பெறப்பட்ட முடிபு. கரல் அதே 1912 இல் நொபெல் பரிசு பெற்றவர். எனவே, பிறருடைய வளர்ப்புக்களில் கலங்கள் மடிந்தபொழுது கோட்பாடு ஐயுறப்படவில்லை. வளர்த்தவரின் கைத்திறனே ஐயுறப்பட்டது. 1961 இல் பிலடெல்பியாவில் லெனாட் ஹேபிளிக், போல் மூர்ஹெட் ஆகிய இருவரும், மனிதக் கருவின் இயல்பான கலங்கள் ஏறத்தாழ 50 முறை பெருகியபின் பிரிவை நிறுத்துகின்றன எனக் காட்டினர். அதிகாரத்தின் துணையால் நின்ற கருத்து, அரைநூற்றாண்டின்பின் நடைமுறையால் வீழ்ந்தது.

ஆயின் மூப்பு வெறும் தேய்வு அன்று. புற்றுநோயைத் தூண்டும் ராஸ் பரம்பரையலகு இயங்கும்பொழுது, இயல்பான கலம் பெருகாது மூப்படைகிறது என்பதை 1997 இல் செரானோவும் பிறரும் நிறுவினர். பி53, பி16 என்னும் புரதங்கள் இதன் காவலர்கள். 2002 இல் சிமிற் முதலியோர் எலிகளின் லிம்போமாவை ஆராய்ந்து, இக்காவல் சிதையாத கட்டிகள் மருந்தினால் மூப்படைவதையும், அது சிதைந்த விடத்துச் சிகிச்சையின் பயன் குன்றுவதையும் கண்டனர். மனிதரிடம் காணப்படும் பரவிய பெருங்கல பி லிம்போமாவிலும், பி16 இற்குரிய பரம்பரையலகின் இழப்புப் பாதகமான நோய்ப்போக்கோடு தொடர்புற்றுள்ளது.

இங்கு ஒரு முரண்பாடு கவனத்திற்குரியது. 1993 இல் வகுக்கப்பட்ட சர்வதேசக் கணிப்புச் சுட்டியில் 60 வயதைக் கடத்தல் பாதகமான காரணிகளுள் ஒன்று. மனிதனின் மூப்பு ஆபத்து. அவனது கலத்தின் மூப்போ காவல். அக்காவலும் முழுமையானதன்று. மூப்படைந்த கலங்கள் சுரக்கும் பொருள்கள் அயற்கலங்களில் புற்றுநோய் வளர்வதற்குத் துணைபோகக்கூடும். ஆகவே, தனியொரு பரம்பரையலகை விதியின் எழுத்தாக வாசிப்பது, இயங்கும் உறவொன்றை உறைந்த பொருளாகக் கொள்ளும் இயந்திரவாதமே.

இறுதியாக ஒன்று கூறவேண்டும். இத்தகைய குறிகாட்டிகள் பெரிதும் சிகிச்சை பெற்றோரின் வரலாற்றிலிருந்து பெறப்பட்டவை. றிட்டுக்சிமாப் என்னும் மருந்து 1997 இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2015 இலேயே இடம்பெற்றது. அம்மருந்தை எட்டமுடியாத உழைப்பாளியின் நோய்ப்போக்கை நிர்ணயிப்பது பி16 மட்டுமன்று. அவனது வர்க்க நிலையுமாகும். இக்காரணியைச் சேர்க்காத கணிப்பு, எத்துணை நுட்பமாயினும், அரைக் கணிப்பே.