சிவப்புக் கள்ளி வந்த வழி



நர்சரிகளில் பச்சைத் தண்டின் மேல் சிவப்புப் பந்து உட்கார்ந்த மாதிரி ஒரு கள்ளி விற்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். மஞ்சள், ஆரஞ்சு நிறங்களிலும் உண்டு. சிலர் அதைப் பூ என்பார்கள், சிலர் சாயம் என்பார்கள். இரண்டும் இல்லை. அந்தப் பந்தே ஒரு தனிச் செடி. மூன் காக்டஸ் என்று விற்கப்படும் இதற்கு ஜப்பானியர் வைத்த பெயர் ஹிபோட்டான். செந்நிறப் பியோனி மலர் என்று பொருள்.

இதன் பூர்வீகம் தென் அமெரிக்காவின் பராகுவே பகுதி. அங்கே இது பச்சையும் பழுப்பும் கலந்த சின்னக் கள்ளிதான். 1905-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. கப்பல் அதிபர் நிக்கோலாஸ் மிஹானோவிச்சின் பெயரால் இதை ஜிம்னோகாலிசியம் மிஹானோவிச்சி என்கிறோம்.

திருப்பம் நடந்தது ஜப்பானில், 1941-இல். வாடனாபே என்பவர் வளர்த்த ஆயிரக்கணக்கான நாற்றுகளுக்கு நடுவே ஓரிரண்டு மட்டும் சிவந்திருந்தன. மரபு மாற்றத்தால் அவற்றில் பச்சையம் இல்லை. பச்சையம் இல்லாத செடியால் தன் உணவைத் தானே தயாரிக்க முடியாது. விதையின் சேமிப்பு தீர்ந்ததும் பட்டினியால் சாகும். அவர் அவற்றைப் பிடுங்கி எறியவில்லை. வேறொரு பச்சைக் கள்ளியின் மேல் ஒட்டுக் கட்டினார். அவை பிழைத்தன. பக்கக் கன்றுகளைக் கிள்ளி ஒட்டியே இந்த இனம் பெருகியது. பிறகு தென் கொரியா புதுப்புது நிறங்களை உருவாக்கிப் பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கியது.

அந்தச் சிவப்பு, பீட்ரூட்டிலும் காகிதப்பூவிலும் உள்ள பீட்டாலெய்ன் வகை நிறமி. சாதாரணக் கள்ளியில் பச்சையம் அதை மறைத்துவிடும். அடியில் சோறு போடும் பச்சைத் தண்டு பெரும்பாலும் நம்ம டிராகன் பழக் கொடிதான்!

"வாங்கி வச்சேன் சார், ரெண்டு வருஷத்துல போயிடுச்சு, என் கைராசி அப்படி" என்று சொல்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குறை உங்கள் கையில் இல்லை. இரண்டு செடிகளும் வளரும் வேகம் வேறு. சில ஆண்டுகளில் ஒட்டு விட்டுப்போவது வழக்கம். உச்சி வெயிலில் வைக்காதீர்கள், மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். தண்டு வாடத் தொடங்கினால், பந்து சுருங்குவதற்குள் அறுத்துப் புதிய தண்டில் ஒட்டிக் கட்டுங்கள். 1941-இல் அவர் செய்ததும் அதைத்தான்.