ஒளியற்றதென ஒதுக்கப்பட்ட மீன்

பொதட்டூர்பேட்டையில் தறியோசை அடங்கிய நள்ளிரவில் அண்ணாந்து நோக்கும் இளைஞன், வானெங்கும் விண்மீன்களைக் காண்கிறான். அவன் கண்ணுக்கு எட்டாதவையும் அங்கே உண்டு. விண்மீனாகத் திரளத் தொடங்கி, விண்மீனாக முடியாமற்போன பழுப்புக் குறுமீன்கள் அவை.

ஞாயிற்றின் எடையில் 100-க்கு 8 பங்குகூட இல்லாதவை இவை. தம் ஈர்ப்பால் சுருங்கி வருகையில், உள்ளே நெருக்குண்ட எலெக்ட்ரான்களின் எதிர்ப்பு அந்தச் சுருக்கத்தைத் தடுத்துவிடுகிறது. ஹைட்ரஜன் உலை நின்றெரிவதற்கான வெப்பம் கிட்டுவதில்லை. 1963-இல் இதைக் கணக்கிட்டுக் கூறியவர், இந்தியாவிற் பிறந்த வானியலறிஞர் சிவ் குமார். ஐயத்துக்கு இடமின்றி அவை கண்டறியப்பட்டது 1995-இல்தான்.

இதே எலெக்ட்ரான் எதிர்ப்புக்கும் ஓர் எல்லை உண்டெனக் காட்டியவர் நம் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1930-இல் கப்பலேறி இங்கிலாந்து சென்றபோது அவருக்கு வயது 19. எரிந்தடங்கிய விண்மீனின் எடை ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டினால், அந்த எதிர்ப்பும் தோற்கும் என்றது அவர் கணக்கு. 1935 சனவரி 11 அன்று, இலண்டன் அரச வானியல் கழகத்தில் எடிங்டன் அதனை எள்ளி நகையாடினார். கணக்கில் பிழை காட்டினாரா? இல்லை! இயற்கை அவ்வாறு நடக்க விடாது என்றார். அவையும் அவர் பக்கமே சாய்ந்தது. காலம் கணக்கின் பக்கம் நின்றது. 1983-இல் சந்திரசேகரை நோபல் பரிசு தேடி வந்தது.

அவர் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி, 1999 சூலையில் விண்ணேறியது. அவ்வாண்டு திசம்பர் 15 அன்று, எல்பி 944-20 என்னும் பழுப்புக் குறுமீனை 12 மணி நேரம் நோக்கியது. இளங் குறுமீன்கள் எக்ஸ் கதிர் உமிழ்வது முன்னரே தெரியும். இதுவோ ஏறத்தாழ 50 கோடி ஆண்டு வயதானது, குளிர்ந்தது. முதல் 9 மணி நேரம் ஒன்றுமேயில்லை. பிறகு திடீரெனச் சீறிற்று சுடர்! 2 மணி நேரத்தில் தணிந்தது. முறுக்குண்ட காந்தப்புலம் சேர்த்து வைத்த ஆற்றலின் வெடிப்பு அது. ஞாயிற்றின் சிறு சுடரொன்றுக்கு நிகரானது.

9 மணி நேரத்தோடு கருவியைத் திருப்பியிருந்தால், ஒளியற்றது என்றே ஏட்டில் எழுதியிருப்போம். பெரியோர் நகைத்தார்கள் என்பதற்காகக் கணக்கைக் கிழிப்பதும், பிறப்பிலேயே தோற்றது என்ற பெயரை நம்பிக் கண்ணை மூடிக்கொள்வதும் ஒரே பிழைதான். அண்ணாந்து நோக்கும் இளைஞனே, இன்னும் சற்றே நோக்கு. சான்று கண்டபின் முடிவு செய்!