ஓடிபி யாருக்கு வந்தது?

2020 ஏப்ரல். நான் சென்னையில், அப்பா கோவில்பட்டியில். நடுவில் ஊரடங்கு. "பிரஷர் மாத்திரை இருக்காப்பா?" என்று கேட்டால் "இருக்கு, இருக்கு" என்பார். பாதி பாதியா உடைச்சுப் போட்டுக்கிட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

பதறிப்போய் ஒரு செயலியில் டாக்டரைப் பிடித்தேன். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். பக்கத்து வீட்டுத் தம்பியின் போனில் வீடியோ. ஆனால் பதிவு என் எண்ணில், ஓடிபி எனக்கு வரும். நான் அதைக் கத்திச் சொல்லி அவன் அடிப்பதற்குள் காலாவதி. மூன்றாம் முறைதான் டாக்டர் முகமே தெரிந்தது. அப்பாவுக்குக் காது மந்தம். டாக்டரின் ஒவ்வொரு கேள்வியையும் தம்பிதான் திரும்பச் சொன்னான்.

அதற்கப்புறம் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

தொலைமருத்துவம் நமக்குப் புதிதல்ல. 2000-லேயே ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராம மருத்துவமனையை அப்போலோ சாட்லைட் வழியாக இணைத்தது. ஆனால் அங்கே நோயாளி வந்து உட்கார்ந்தது ஒரு மருத்துவமனையில். கருவியை இயக்கவும், டாக்டர் கேட்பதை எடுத்துச் சொல்லவும் ஆள் உண்டு.

2020 மார்ச் 25, ஊரடங்கின் முதல் நாள். மத்திய அரசின் தொலைமருத்துவ நெறிமுறைகள் வந்தன. ஏப்ரல் 13-ல் இ-சஞ்சீவனி ஓபிடி தொடங்கியது. இனி நோயாளி வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கலாம். நடுவில் இருந்த ஆளின் வேலை நோயாளி தலையில் விழுந்தது.

நெறிமுறைகளை முழுசாகப் படித்தபோது இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன். ஒன்று, உரிய அனுமதியோடு கவனித்துக்கொள்பவர் நோயாளி சார்பில் பேசலாம். இரண்டு, அதே டாக்டரை அதே நோய்க்கு நேரில் பார்த்து ஆறு மாதம் ஆகவில்லை என்றால், வெறும் குரல் அழைப்பிலேயே அவர் பழைய மாத்திரையைத் தொடர்ந்து எழுதித் தரலாம். அப்பா தை மாசம்தான் உள்ளூர் டாக்டரைப் பார்த்திருந்தார். அந்தப் பட்டன் போனே போதுமாயிருந்திருக்கும்! வீடியோ, ஓடிபி என்று அலைந்தது நான்தான். மென்பொருள் எழுதுகிறவன் புத்தி.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன, ஒரு ஆளின் கையில். அரகொண்டாவில் இருந்த அந்த நடு ஆள் திரும்பி வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

இப்போதெல்லாம் அப்பாவிடம் "மாத்திரை இருக்கா?" என்று கேட்பதில்லை. "எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லுங்க" என்கிறேன்.