தாது ஆண்டுக் கஞ்சியும் பெரியாற்று நீரும்

கம்பம் பள்ளத்தாக்கின் வரலாற்றை எழுதப் புகுவோர் நீரின் வரலாற்றையே எழுத வேண்டியவராகின்றனர். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை; கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும்; இடையே கூடலூரிலிருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனி நோக்கி இறங்கும் வளநிலம். இப்பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்கள் பெரியாற்று நீரைப் பெறுகின்றன. அந்நீர் இங்கு இயல்பாக ஓடிவந்த நீர் அன்று. மேற்கே அரபிக்கடல் நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஆறு மறிக்கப்பட்டு, மலை குடையப்பட்டு, கிழக்கே திருப்பப்பட்டது. அத்திருப்பத்திற்கு முன்னே ஒரு பெரும்பஞ்சம் நிற்கிறது. பஞ்சத்தையும் அணையையும் சேர்த்து நோக்கும்போது அன்பு, செபம், நன்றி என்னும் மூன்று சொற்களுக்கும் வாழ்வில் என்ன பொருள் என்பது தெளிவாகிறது. கிறித்தவம் தன் உயிர்நாடி எனக் கொண்ட சொற்கள் அவை.

பஞ்சமும் படியளவும்

1876இல் பருவமழை பொய்த்தது. தாது ஆண்டில் தொடங்கிய வறட்சி 1878 வரை நீண்டு, மக்கள் நாவில் ‘தாது வருடப் பஞ்சம்’ என நிலைத்தது. இந்திய அளவில் அப்பஞ்சத்தில் மாண்டோர் ஏறத்தாழ 55 இலட்சம் என்று கணக்கிடுவர். சென்னை மாகாணமே பேரிழப்புக்கு ஆளான பகுதிகளுள் முதன்மையானது.

அரசின் நிவாரணப் பணிகளில் கல்லுடைத்தும் மண்சுமந்தும் உழைத்தவர்க்கு எவ்வளவு தானியம் அளப்பது என்ற வினா 1877இல் எழுந்தது. வைசிராய் லிட்டன் பிரபுவின் சார்பாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோவிற்கும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு இவ்வளவு போதாது, பருப்பும் காயும் சேர்ந்த நிறைவான உணவு வேண்டும் என மருத்துவ நோக்கில் வாதிட்டார். இருவரும் ஒரே அரசின் அலுவலர், ஒரே நாட்டவர், ஒரே வேதம் வழங்கிய சமுதாயத்தில் பிறந்தவர். ஒருவர் கருவூலத்தைக் கண்முன் வைத்தார். மற்றவர் பசித்தவன் வயிற்றை வைத்தார். சமயத்தின் பெயர் மட்டும் ஒருவரை இரக்கமுள்ளவராக்கிவிடாது என்பதற்கு இவ்விவாதம் சான்று.

மாயூரத்து முன்சீப்

இதே பஞ்சக் காலத்தில் சோழநாட்டில் ஒரு தமிழ்க் கிறித்தவர் காட்டிய வழி தமிழிலக்கிய வரலாற்றோடு இணைந்தது. 1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் வேதநாயகம் பிள்ளை. தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வாயிலாகத் தமிழின் முதல் நாவலாசிரியர் என்று போற்றப்படுபவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது ‘குளத்துக்கோவை’ பாடினார் என்பது அவ்விருவரின் நட்புக்குச் சான்று.

பஞ்சம் வந்தபோது அவர் பதவியில் இல்லை. பணி ஓய்வுபெற்று மாயூரத்தில் வாழ்ந்து வந்தார். அதிகாரம் போன பின்பு கையில் இருந்தது அவர் தேடிய பொருள் மட்டுமே. அதனைப் பசித்தவர்க்குச் செலவிட்டார். கஞ்சி காய்ச்சி ஊற்றினார். சாதி, சமயம் கேட்டு ஊற்றியதாக வரலாறு இல்லை. பஞ்சம் தீர வேண்டுமென இறைவனை நோக்கிக் கீர்த்தனைகளும் பாடினார். பஞ்ச ஆண்டான 1878இலேயே அவருடைய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ வெளிவந்தது. எச்சமயத்தாரும் தம் வீட்டில் அமர்ந்து பாடத்தக்க செபநூல் அது. ஒருபுறம் பாட்டு, மறுபுறம் கஞ்சி என்று அவர் வாழ்வு அந்நாளில் அமைந்தது. கஞ்சி இல்லாத பாட்டாக அது இருந்திருப்பின் பசித்தவன் காதில் ஏறியிராது.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கொடையைக் கண்டு வேதநாயகரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். சிவபக்தியில் ஊறிய ஒரு முதியவர் கிறித்தவர் ஒருவரைப் பாடியது நோக்கத்தக்கது. அன்பு செய்தவர் ஒரு சமயத்தார். நன்றி கூறியவர் வேறொரு சமயத்தார். பாண்டிநாட்டின் மேற்கெல்லையிலும் இதே காட்சியைப் பின்னர்க் காண்போம்.

மன்றாட்டு யாரிடம் சேர்கிறது?

தென்பாண்டிச் சீமையில் இப்பஞ்சம் வேறொரு படைப்பையும் பிறப்பித்தது. சிவகங்கையைச் சார்ந்த வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ 1899இல் வெளிவந்தது. பஞ்சத்தால் வாடிய மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, அவரோ தம்மால் ஆவதில்லை என்று சிவகங்கை ஜமீன்தாருக்குத் திருமுகம் எழுதி அனுப்புவதாக அமைந்த நகைச்சுவை நூல் அது. நகையின் அடியில் ஓர் ஆழ்ந்த உண்மை கிடக்கிறது. இறைவனிடம் சென்ற மன்றாட்டு, கொடுக்கும் ஆற்றலுள்ள மனிதனின் வாயிலுக்கே திருப்பி அனுப்பப்படுகிறது. வேதநாயகர் செபித்த கையாலேயே அகப்பையைப் பிடித்ததும் இவ்வுண்மையை உணர்ந்தே எனலாம்.

மலைக்கப்பால் ஒரு வேண்டுகோள்

கஞ்சி ஒரு நாளின் பசியைத் தீர்க்கும். பஞ்சம் மீண்டும் வராதிருக்க நீர் வேண்டும். வைகை நாட்டிற்குப் பெரியாற்றைத் திருப்பும் எண்ணம் பஞ்சத்திற்கு நெடுங்காலம் முன்பே தோன்றியது. இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை 1789இலேயே இதனை எண்ணினார், பொருளில்லாமையால் கைவிட்டார். 1808இல் ஆய்வு செய்த ஜேம்ஸ் கால்டுவெல் இதனைக் கைகூடாக் கனவு என ஒதுக்கினார். 1850இல் தொடங்கிய சிறு முயற்சி, நோய் மிக்க காட்டில் வேலை செய்யக் கூடுதல் கூலி கேட்ட தொழிலாளரின் மறுப்பால் நின்றது. பின்னர் ரைவ்ஸ், பெய்ன், ஸ்மித் எனப் பொறியாளர் பலர் திட்டம் தீட்டினர். இடையில் வந்த தாது ஆண்டுப் பஞ்சம் பணியைத் தள்ளிப்போட்டது. அதன் தேவையையும் யாரும் மறுக்க முடியாதபடி செய்தது.

1882இல் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு ஜான் பென்னிகுயிக்கிடம் வந்தது. 1841 சனவரி 15இல் புனேயில் பிறந்தவர் அவர். எட்டு வயது நிரம்புவதற்கு இரு நாள்களுக்கு முன், 1849இல், சில்லியன்வாலாப் போரில் தந்தையை இழந்தவர். அத்தந்தையோடு தமையன் ஒருவரும் அப்போரிலேயே மாண்டார். தந்தையைப் போலவே படைப்பணியில் சேர்ந்தவர், பொறியாளராக நீரோடு போராடினார். 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஆயிற்று. நீரில் மூழ்கும் 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் எனக் குத்தகை வரையறுக்கப்பட்டது. ஜி. யு. போப்பின் திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. செய்ந்நன்றியறிதல் என்னும் அதிகாரத்தையும் உள்ளடக்கிய அம்மொழிபெயர்ப்பு வெளிவந்த ஆண்டில், அந்நன்றிக்கு உரிய ஒரு பணிக்கும் கையெழுத்திடப்பட்டது.

1887இல் வேலை தொடங்கிற்று. சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு ஆற்றின் குறுக்கே சுவர் எழுந்தது. எழுப்பிய தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. யானைகளும் கொடிய விலங்குகளும் திரிந்த காட்டில் மலைக்காய்ச்சல் அவற்றினும் கொடியதாக இருந்தது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். மலையைக் குடைந்த சுரங்கம் வழியே பெரியாறு கிழக்கே வந்தது. வைரவனாற்றிலும் சுருளியாற்றிலும் கலந்து வைகையை அடைந்தது.

நன்றியும் கதையும்

பஞ்சம் கண்ட மக்கள் இந்நீரை எவ்வாறு வரவேற்றிருப்பர் என்பதை அவர்தம் வழித்தோன்றல்களின் வழக்கங்கள் காட்டுகின்றன. பென்னிகுயிக்கின் பெயர் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு இடப்படுகிறது. வீடுகளில் அவர் படம் தெய்வப் படங்களோடு தொங்குகிறது. அவர் பிறந்தநாள் பொங்கலை ஒட்டி வருவதால், பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவருக்கெனப் பொங்கல் வைக்கின்றனர். 2013 சனவரி 15இல் லோயர் கேம்ப்பில் தமிழக அரசு மணிமண்டபம் திறந்தது. 1911இல் அவர் மறைந்த இங்கிலாந்தின் கேம்பர்லி நகரில் 2022இல் தமிழக அரசின் சார்பில் அவர் சிலை நிறுவப்பட்டது.

இந்நன்றியோடு ஒரு கதையும் வளர்ந்துள்ளது. வெள்ளம் அணையை அடித்துச் சென்றபோது அரசு பணம் தர மறுத்ததென்றும், பென்னிகுயிக் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையை முடித்தார் என்றும் ஊர்தோறும் கூறுவர். வரலாற்று ஆய்வு இதனை ஏற்பதில்லை. அணை சென்னை அரசின் செலவில் கட்டப்பட்டது. பாசன வரியால் அச்செலவு மீளும் என்ற கணக்கும் அரசிடம் இருந்தது. சொத்து விற்பனைக்கு ஆவணச் சான்று காட்டப்படவில்லை.

இதனைக் கூறுவது மக்கள் நன்றியைக் குறைப்பதாகாது. மக்கள் தம் அனுபவத்தில் கண்ட உயர்ந்த ஈகையின் வடிவத்தை அவருக்குச் சூட்டினர். வீட்டு நகையை விற்றுப் பிறர் பசி தீர்ப்பதே இம்மண்ணில் தலையாய கொடை. ஆயினும் பொய்யான புகழ் மெய்யான புகழை மறைத்துவிடும். வெள்ளம் கொண்டுபோன சுவரை மறுபடியும் எழுப்பியது, காய்ச்சல் நிறைந்த காட்டில் பணியைக் கைவிடாதிருந்தது, நூறாண்டுகளாகக் கனவெனப்பட்டதை நிறைவேற்றியது ஆகியவை ஆவணம் கூறும் உண்மைகள். இவற்றிற்கு நகைக்கதை தேவையில்லை.

திரும்பி வந்த அயலான்

நற்செய்தி நூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. பத்துத் தொழுநோயாளர் நலம் பெறுகின்றனர். ஒருவன் மட்டும் நன்றி கூறத் திரும்பி வருகிறான். அவனோ அயலினத்தானாகிய சமாரியன். நன்றியென்பது தன்னினம், தன்சமயம் என்ற எல்லைக்குள் நிற்பதன்று என்பதே அந்நிகழ்ச்சி உணர்த்தும் செய்தி. கம்பம் பள்ளத்தாக்கில் அது ஆண்டுதோறும் நிகழ்கிறது. இந்துவும் இசுலாமியரும் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களின் கத்தோலிக்க உழவரும் ஒரே நீரில் நாற்று நடுகின்றனர்; ஒரே பெயரை நன்றியோடு கூறுகின்றனர். பென்னிகுயிக் எவ்வாறு செபித்தார் என யாரும் கேட்டதில்லை. வேதநாயகரை எண்ணிப் பாடிய பாரதியாரும் கேட்கவில்லை.

எனினும் அந்நன்றி நிறைவுபெற ஓர் அடி இன்னும் உள்ளது. அணையின் அருகே ஓர் இடுகாடு இருக்கிறது. அணை கட்டும் பணியில் நோயுற்று மாண்டு அங்கே அடக்கமானவர் 483 பேர் என்பர். சென்னைப் பயனியர் படையின் வீரர், கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசிய மரபுத் தச்சர், சமவெளியிலிருந்து கூலிக்கு மலையேறிய எளிய மக்கள் ஆகியோர் அங்கே உழைத்தனர். 1850இல் நோய்க்கு அஞ்சி, கூலி போதாதென்று மறுத்துத் திரும்பிய தொழிலாளரின் அச்சம் எவ்வளவு நியாயமானது என்பதை அவ்விடுகாடே கூறுகிறது. தாது ஆண்டில் பெற்றோரையோ பிள்ளைகளையோ இழந்தவர்களும் அம்மலையேறிய கூட்டத்தில் இருந்திருக்கக்கூடும்.

அவர்களுக்கு மணிமண்டபம் இல்லை. அவர்கள் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுவாரில்லை. வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்று வேதம் கற்பிக்கும் ஈகை, கொடுப்பவர் தாமே மேற்கொள்ள வேண்டிய மறைவு. இவர்களுக்கோ மறைவு பிறரால் நேர்ந்தது. நன்றி பெயர் தெரிந்தவரோடு நின்றுவிடுமாயின் அது பாதி நன்றியே.

மாயூரத்துக் கஞ்சிக்குக் கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனை கிடைத்தது. சிவகங்கைப் பஞ்சத்திற்கு வில்லியப்ப பிள்ளையின் நூல் கிடைத்தது. பென்னிகுயிக்கிற்குப் பொங்கலும் சிலையும் வாய்த்தன. அணையடியில் உறங்கும் 483 பேருக்கு உரிய பாட்டு இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது. தேனி மண்ணில் கவிதை பாடுவோர் முன்னே அக்கடன் காத்து நிற்கிறது. சுரங்கம் கடந்து வரும் நீர் வயலில் பாயும் ஒவ்வொரு பருவமும் அதனை நினைவூட்டுகிறது.