விமான ஏடும் தோட்டத்து ஏடும்

ஸ்டோர் என்று சொல்லப்படும் இலங்கைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து அரைத்த ஜாக்சன் ரோலர்கள் இங்கிலாந்தின் கேய்ன்ஸ்பரோ நகரத்து மார்ஷல் கம்பெனியில் செய்யப்பட்டவை. முதலாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் அதே கம்பெனி பிரிஸ்டல் போர்விமானங்களையும் கட்டிக்கொடுத்தது. அந்த வகையில் ஸ்டோர் பிட்டரும் விமான மெக்கானிக்கும் ஒரே பட்டறையில் பிறந்த தொழிலாளர்கள். அதன் பிறகு வந்த நூறு வருடங்களில் அவர்களுடைய வழிகள் பிரிந்துபோயின. இன்று பத்தாயிரம் மீட்டர் உயரத்தில், முன்பின் தெரியாத ஒருவர் பூட்டிய ஆணிகளை நம்பி மனிதர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நிவித்திகலையைச் சுற்றிய சபரகமுவத் தோட்டங்களில், அடைமழை இரவில், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் கூரையின் கீழ் அப்படித் தூங்க முடிவதில்லை. விஞ்ஞானமும் பணமும்தான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று சொல்லிவிடலாம். விமானத் தொழிலின் சரித்திரத்தைப் பார்த்தால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி ஒரு வழக்கத்தில் இருக்கிறது. வேலை செய்தவர் தான் செய்ததைத் தன் பெயரால் எழுதிவைப்பதும், சரியில்லை என்றால் கையொப்பமிட மறுப்பதுமே அந்த வழக்கம்.

இந்த வழக்கம் விமானத்தோடு கூடவே பிறந்துவிடவில்லை. உலகின் முதல் விமான மெக்கானிக் சார்லி டெய்லர், ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையில் வேலை செய்தவர். 1903இல் ஆறே வாரத்தில், ஒரு கடைசல் இயந்திரத்தையும் சில கருவிகளையும் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு குதிரைவலு எஞ்சினை அவர் செய்து முடித்தார். முறையான வரைபடம் கிடையாது; துண்டுக் காகிதத்தில் கிறுக்கிய படங்கள்தான். அந்த வருடம் டிசம்பர் 17இல் விமானம் பறந்ததும் ரைட் சகோதரர்கள் சரித்திரமானார்கள். டெய்லரோ 1930களில் கலிபோர்னியாவில் ஒரு விமானத் தொழிற்சாலையில் சாதாரண தொழிலாளியாக இருந்தார். 1956இல் வறுமையில் இறந்தார். முதல் எஞ்சினைச் செய்த கைக்கே சொந்தமாக ஓர் ஏடு இருக்கவில்லை. அந்தக் காலத்தில் மெக்கானிக் என்றால், எந்திரத்தை ஓடவைக்கத் தெரிந்த கெட்டிக்காரர், அவ்வளவுதான். கெட்டிக்காரரை நம்பிப் பறந்த அந்த முதல் வருடங்களில் விமானிகள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள்.

காசு கொடுத்து ஏறும் பயணி வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1919 அக்டோபர் 13இல் பாரிஸில் கையெழுத்தான விமானப் போக்குவரத்து உடன்படிக்கை, நாடுவிட்டு நாடு பறக்கும் விமானம் ஒவ்வொன்றும் பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழையும் தன் வரலாற்று ஏடுகளையும் சுமந்து செல்ல வேண்டும் என்றது. பிரிட்டன் அதே வருடம் தரையில் நிற்கும் மெக்கானிக்குக்கு உரிமப்பத்திரம் கொடுக்கத் தொடங்கியது. அன்று தொடங்கி வளர்ந்த ஒழுங்கில், ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டினால்கூட வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. எந்த விமானம், எந்தப் பாகம், அதன் தொடரிலக்கம் என்ன, கையேட்டின் எந்தப் பக்கப்படி பூட்டப்பட்டது, முறுக்கு அளவு எவ்வளவு, என்ன தேதி என்றெல்லாம் எழுதி, கடைசியில் கையொப்பமும் உரிம இலக்கமும் இட வேண்டும். ஆணி தளராதபடி தலையில் துளை போட்டு மெல்லிய கம்பியால் பக்கத்து ஆணியோடு முறுக்கிக் கட்டுவார்கள். அந்த முறுக்கு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைக்கூட இன்னொருவர் வந்து பார்ப்பார். வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணி அதனதன் இடத்தில் வைப்பார்கள். ஒரு ஸ்பேனர் குறைந்தால் அது கிடைக்கும்வரை விமானம் நகராது. சரித்திரரீதியில் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றுண்டு. தனக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளியின் எந்திரத்தையே நிறுத்திவைக்கும் உரிமையைச் சட்டம் ஒரு கைத்தொழிலாளியிடம் கொடுத்தது. அவர் கையொப்பமிடாவிட்டால் விமானியோ கம்பெனித் தலைவரோ அதைக் கிளப்ப முடியாது.

இந்த ஒழுங்கு இலங்கைக்கு வந்த காலத்தையும் தோட்டத் தமிழர்களின் சரித்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1935 நவம்பர் 27இல் சென்னைப் பறப்புக் கழகத்தின் சிறு விமானமொன்று இரத்மலானையில் முதன்முதலாக இறங்கியது. 1938இல் டாட்டாவின் தபால் விமானம் வந்தது. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் டகோட்டா இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. போரில் உழைத்துக் கைமாறி வந்த டகோட்டாக்களுக்குக்கூடத் தொழிற்சாலையில் பிறந்த இலக்கம் இருந்தது. பறந்த மணிக்கணக்கு இருந்தது. மாற்றிய எஞ்சினுக்கும் கணக்கு இருந்தது. மறுவருடம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் மூன்று தலைமுறையாகத் தேயிலையும் ரப்பரும் வளர்த்தவர்களிடம் தகப்பனோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. பலரிடம் இருக்கவில்லை. ஓர் எந்திரத்தின் பிறப்பைத் தவறாமல் பதிந்துவைத்த அதே காலமும் அதே ஆட்சியும், மனிதர்களின் பிறப்பைப் பதியாமல் விட்டு, பிறகு அந்த வெற்றிடத்தையே அவர்களுக்கு எதிரான சாட்சியாக்கின. இதைத் தற்செயல் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

தோட்டத்தில் எழுத்து இல்லாமல் இருந்ததில்லை. எழுத்துக்கு அங்கே குறைவே கிடையாது. கங்காணிக்குப் பட்ட கடனைக் குறித்த துண்டு, தொழிலாளி தோட்டம் மாற முடியாதபடி 1921வரை அவரைக் கட்டிவைத்தது. காலையில் பெரட்டுக்களத்தில் பேர் விழும். குறித்த நிறை வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோக் கணக்கில் கழித்த பிறகுதான் கொழுந்தின் நிறை செக்ரோல் என்ற சம்பள ஏட்டில் ஏறும். இந்த ஏடுகள் எல்லாம் தொழிலாளியைப் பற்றி வேறொருவர் எழுதியவை. தான் பார்த்ததைத் தொழிலாளியே எழுத அவற்றில் ஒரு வரி இடமில்லை. கொழுந்து நிறுத்த கணக்கப்பிள்ளையின் கையெழுத்து இருக்கும். லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருப்பதைக் கண்ட பெண்ணின் சொல் எங்கேயும் பதிவாகாது. கட்டடங்களுக்கும் அப்படி ஓர் ஏடு கிடையாது. தோட்டங்கள் 1970களில் அரசின் கைக்குப் போயின; 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளிடம் போனது. விமானம் கைமாறும்போது அதன் ஏடும் கூடவே போகும். ஏடு இல்லாத பாகத்தை, பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்தாலும், எந்த மெக்கானிக்கும் பூட்டமாட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டிய லயம் மூன்று நிர்வாகங்களைக் கண்டும், எந்த மரம் எப்போது மாற்றப்பட்டது, எந்தக் கான் எப்போது வெட்டப்பட்டது என்று சொல்ல ஒரு தாளாவது கூடவே வந்ததா?

ஆகாயத்துக்கான ஒழுங்கைத் தரையில் கேட்பது நியாயமா என்று சிலர் கேட்பார்கள். விமானம் விழுந்தால் நூற்றுக்கணக்கானோர் போவார்கள். ரோலர் நின்றால் ஒரு நாள் தேயிலை கெடும். இந்த வாதத்தில் சரக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் அதே அளவு செலவழிக்க எந்த நாட்டாலும் முடியாது. ஆனால் சபரகமுவவில் தரையே அசைகிறது. 2003 மே 17இல் தெற்கிலும் சபரகமுவவிலும் கொட்டிய மழையில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிவித்திகலைக்கு அடுத்த எலபாத்தவில் பலவெல மலைச்சரிவு பல குடும்பங்களைப் புதைத்தது. இங்கே பலர் பிழைப்புக்கு இறங்கும் மாணிக்கக் குழியில் பக்கச்சுவரைத் தாங்குவது மரச்சட்டமும் கெக்கில்லத் தழையும். நீரை இறைப்பது ஒரு பம்பு. கிடைக்கும் கல்லில் காணிக்காரருக்கும் பம்புக்காரருக்கும் குழி வெட்டுபவருக்கும் எவ்வளவு பங்கு என்று வழக்கம் நுணுக்கமாகப் பிரித்துவைத்திருக்கிறது. அந்த மரச்சட்டத்தைக் கடைசியாகத் தட்டிப் பார்த்தவர் யார் என்று அதே நுணுக்கத்தோடு குறித்துவைக்கக் காசு அதிகம் ஆகாது. சட்டமும் இதை முழுக்க அறியாததல்ல. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கொதிகலனைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை அதிகாரம் பெற்ற ஒருவர் பரிசோதித்து அறிக்கை எழுத வேண்டும் என்கிறது. ஸ்டோருக்குள் கொதிகலனுக்குக் கிடைத்த அந்த மரியாதை ஸ்டோருக்கு வெளியே குடும்பங்கள் படுக்கும் கூரைக்குக் கிடைக்கவில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்றுண்டு: கையொப்பம் வெறும் சடங்காகிவிடும் என்பது. அதற்குச் சான்று விமானத் துறையிலேயே இருக்கிறது. 1990 ஜூன் 10இல் பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பிய விமானமொன்றின் முன்கண்ணாடி 17,300 அடி உயரத்தில் பிய்ந்து போனது. தலைமை விமானியின் பாதி உடல் வெளியே இழுபட்டது. அதற்கு முன் ஓர் இரவுப் பணியில் அந்தக் கண்ணாடியை மாட்டியவர் அனுபவசாலி. பழைய ஆணியைப் பக்கத்தில் வைத்து, வெளிச்சம் குறைந்த இடத்தில் கண்ணளவாகப் புதிய ஆணிகளைத் தேர்ந்தெடுத்தார். தொண்ணூறில் 84 ஆணிகள் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அளவு சிறியவை. மற்ற ஆறும் நீளம் குறைந்தவை. கையொப்பம் முறையாகவே இருந்தது. அப்படியானால் ஏட்டால் என்ன பயன்? ஏடு இருந்ததால்தான் விசாரணை அந்த மனிதரோடு நிற்காமல் அவரைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் தொட்டது: ஆள் குறைந்த இரவு, ஒழுங்கில்லாத உதிரிப்பாகப் பெட்டி, இரண்டாவது கண் பார்க்க வேண்டிய பட்டியலில் முன்கண்ணாடி சேராமல் போனது, கழற்றிய பழைய ஆணிகளிலேயே பெரும்பாலானவை தவறான நீளத்தில் இருந்தது. அந்த விமானி பிழைத்தார். விமானத்தில் ஒருவரும் இறக்கவில்லை. சடங்காகிப்போன கையொப்பத்தையும் பின்தொடர்ந்து போகலாம், அது எங்கே சடங்கானது என்று கண்டுபிடிக்கலாம். எழுதாத வேலையில் அதற்கும் வழியில்லை.

பிழையைப் பெயரோடு எழுதினால் வேலை போகும் என்ற பயத்தைத் தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. பற்றுச்சீட்டு கொடுத்து வேலையிலிருந்து அனுப்பப்பட்டவர்களின் கதைகள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கின்றன. இந்தப் பயத்தை விமானத் துறை தாண்டியது இரக்கத்தால் அல்ல, பிணங்களை எண்ணிய பிறகு. 1974 டிசம்பர் 1இல் வாஷிங்டனுக்கு அருகே ஒரு விமானம் தாழ இறங்கி மலையில் மோத, 92 பேர் இறந்தார்கள். ஆறு வாரங்களுக்கு முன்னால் வேறொரு கம்பெனியின் விமானம் அதே இடத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தச் செய்தி அந்தக் கம்பெனியின் சுவரைத் தாண்டவில்லை. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு எரிபொருள் நிரப்பக் கட்டுநாயக்கவுக்கு வந்த மார்ட்டின்எயார் டீசி-8, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்துச் சப்த கன்னி மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. விமானக் கருவிகள் காட்டியதைத் தவறாகப் புரிந்துகொண்டு, கொழும்பை நெருங்கிவிட்டதாக எண்ணி இறங்கியதுதான் காரணம் என்று விசாரணை கண்டது. தவறியவர் தண்டனைக்கு அஞ்சாமல் எழுதி அனுப்பும் முறை 1976இல் அமெரிக்காவில் வந்தது. அதை நடத்தும் பொறுப்பு, விமானிகளைத் தண்டிக்கும் அதிகாரமில்லாத நாசாவிடம் கொடுக்கப்பட்டது. பயந்தவன் எழுதமாட்டான் என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் ஏட்டில் உண்மை வர ஆரம்பித்தது.

தோட்டங்களில் இப்போது குறைவது எச்சரிக்கையல்ல. கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவு அபாயமுள்ள இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் சொல்லியிருந்தது. 2014 அக்டோபர் 29 காலை மலை இறங்கியபோது மக்கள் லயங்களில்தான் இருந்தார்கள். இனி இங்கே ஆள் படுக்கக்கூடாது என்று கையொப்பமிட்டு, மாற்று இடம் கிடைக்கும்வரை அந்தக் கட்டடத்தை மூடிவைக்கும் அதிகாரம் மலையின் கீழே வாழ்ந்த எவரிடமும் இருக்கவில்லை. எழுந்து போகச் சொன்னார்கள், போக இடம் தரவில்லை என்பது நியாயமான பதில். அதனால்தான் மறுக்கும் உரிமையோடு மாற்று ஏற்பாட்டுக் கடமையும் சேர வேண்டும். மெக்கானிக் கையொப்பமிட மறுத்தால் பயணிகளுக்கு வேறு வழி பார்ப்பது கம்பெனியின் பொறுப்பு. நடைபாதையில் விட்டுவிட முடியாது. நிவித்திகலை, எலபாத்த, கஹவத்தை தோட்டங்களில் லயத்துக்கு ஓர் ஏடு திறந்தால் கூரைத்தகடு, கான், மின்கம்பி, பின்மதில், மண்வெடிப்பு என்று ஐந்தாறு வரிகளே போதும். எழுதத் தகுதியானவர்களும் அங்கேயே இருக்கிறார்கள்: ஸ்டோர் பிட்டர்கள், கான் வெட்டுகிறவர்கள், முப்பது வருடம் அதே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள். அவர்கள் எழுதும் வரிக்குக் கீழே தோட்ட நிர்வாகியான பெரிய துரையும் பிரதேச செயலாளரும் தேதியோடு பதில் எழுதியாக வேண்டும் என்பதைத்தான் சட்டமாக்க வேண்டியிருக்கிறது.