அமுக்குவான் பேயும் அஜ்மலினும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே. எங்க ஊரு எம். புதுப்பட்டி, சிவகாசிப் பக்கம். நான் காலேஜ் மூணாவது வருஷம் படிக்கும்போது பக்கத்துத் தெரு அண்ணன் ஒருத்தர் ராத்திரி தூங்கினவர், காலையில எந்திரிக்கவே இல்லை. வயசு 26. பயராபீஸ் வேலை, பீடிகூடக் குடிக்க மாட்டார். போஸ்ட்மார்ட்டத்துலயும் காரணம் தெரியலை. "அமுக்குவான் பேய் அமுக்கிருச்சு"ன்னு ஊரே முடிவு பண்ணிருச்சு.

போன மாசம் அவரோட தம்பிக்கு மதுரையில ஒரு டெஸ்ட். ஊசி மருந்து ஏத்திக்கிட்டே ஈசிஜி எடுப்பாங்களாம். துணைக்குப் போன என்கிட்ட டாக்டர், "இதுக்கு வெளிநாட்டுல அதிகமா அஜ்மலின் போடுவாங்க, அது நம்ம நாட்டுச் சரக்குதான்"னார். சும்மா இருப்பமா? நோண்ட ஆரம்பிச்சேன்.

டெல்லியில ஹக்கீம் அஜ்மல் கான்னு பெரிய யுனானி வைத்தியர். 1921-ல காங்கிரஸ் தலைவரா இருந்தவர். அவர் உருவாக்கின திப்பியா கல்லூரியை அதே வருஷம் திறந்து வச்சது காந்தி. நாட்டு மருந்துகளைக் கெமிஸ்ட்ரி வழியா ஆராயணும்னு அவருக்கு ஆசை. ஜெர்மனியில டாக்டர் பட்டம் வாங்கின சலீமுஸ்ஸமான் சித்திக்கியை அதுக்காகக் கூப்பிட்டார். ஆனா 1927 டிசம்பர்ல ஹக்கீம் காலமாயிட்டார். சித்திக்கி விடலை. 1931-ல சர்ப்பகந்தா வேர்லேர்ந்து ஒரு பொருளைப் பிரிச்செடுத்து, கூப்பிட்டவர் பேரையே வச்சார்: அஜ்மலின். 1951-ல பாகிஸ்தான் போன சித்திக்கி, 1994-ல கராச்சியில காலமானார்.

பிற்பாடு அஜ்மலின், தாறுமாறா ஓடுற இதயத்தை அடக்குற ஊசியாச்சு. நம்ம ஊரு பாஷையில சொன்னா, இதயம் ஒரு சரவெடி. மேல திரி பத்துனா வரிசையாப் போகணும். நடுவுல கண்ட இடத்துல பத்திக்கிட்டா துடிப்பு குளறுபடி. செல்லுக்குள்ள சோடியம் நுழையிற வாசல்தான் அந்தத் திரி. அஜ்மலின் அந்த வாசலை லேசா அடைக்கும்.

1992-ல புருகாடா சகோதரர்கள், இதயம் பார்க்க நல்லா இருந்தும் திடீர்னு நின்னுபோன 8 பேரோட ஈசிஜியில ஒரே மாதிரி கோணலைக் காட்டினாங்க. சில குடும்பங்கள்ல அந்தச் சோடியம் வாசலே பிறவியில பலவீனம்னு 1998-ல தெரிஞ்சது. பிலிப்பைன்ஸ்ல "பாங்குங்குட்", தாய்லாந்துல "லாய் தாய்"னு வாலிபர்கள் தூக்கத்துல சாகுறதுக்கும் அங்கெல்லாம் பேயைத்தான் சொன்னாங்க. அதுல பலதும் இதே நோய்தான்னு 2002-ல ஆராய்ச்சி வந்தது.

இந்தக் கோணல் எப்பவும் தெரியாது. வாசல் ஏற்கெனவே பலவீனமா இருக்கிறவங்களுக்கு அஜ்மலின் போட்டா வெளிய வந்துரும். லோடு ஏத்தி பக்-கை வெளிய இழுக்குற நம்ம டெஸ்டிங் மாதிரியேதான். ஏற்கெனவே மயங்கி விழுந்தவங்க, உயிர் தப்பினவங்களுக்கு ஷாக் குடுக்குற ஐசிடி கருவியை உடம்புக்குள்ள வைப்பாங்க. முதல் ஐசிடி வச்சது 1980-ல, அமெரிக்காவுல.

தம்பிக்கு வேற மருந்து போட்டுத்தான் பார்த்தாங்க. கோணல் தெரிஞ்சது. இதுவரை மயக்கம் எதுவும் வராததால இப்போதைக்குக் கருவி வேண்டாம், காய்ச்சல் வந்தா உடனே குறைக்கணும், சில மருந்துகளைத் தொடக்கூடாதுன்னு லிஸ்ட் குடுத்தார் டாக்டர்.

ஊருக்கு வந்து அவங்கம்மாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் கேட்டாங்க: "ஏய்யா, அப்ப மூத்தவனைப் பேய் அமுக்கலையா?"

"இருக்காதும்மா"ன்னேன். அவருக்கு ஒரு ஈசிஜிகூட எடுத்ததில்லை. வேற என்ன சொல்ல?

டிஸ்கி: சர்ப்பகந்தா வேரைத் தேடி அரைச்சுக் குடிச்சிராதீங்க சாமிகளா! இந்த டெஸ்ட்டையே ஆஸ்பத்திரியில, ஷாக் மெஷினைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் பண்ணுவாங்க. வீட்டுல யாராச்சும் சின்ன வயசுல தூக்கத்துல போயிருந்தா, மத்தவங்க ஒரு ஈசிஜி எடுத்து இதய டாக்டர்கிட்ட காட்டிருங்க.